காது இரையும்போது மனதுக்கு மாத்திரை எதற்கு?

காதுக்குள் ஓயாமல் விசில் அடிக்கிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறார் ஒருவர். மருத்துவர் விளக்கடித்துப் பார்க்கிறார். ஆடியோகிராம் எடுக்கச் சொல்கிறார். கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். பிறகு தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனசு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால், "இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிறதாச்சே" என்கிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து, டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தால், பக்கவிளைவுப் பட்டியலில் 'காதில் இரைச்சல்' என்றே ஒரு வரி இருக்கிறது. எந்த உபாதைக்காகப் போனாரோ அதையே இந்த மாத்திரை உண்டாக்கக்கூடுமாம்! அட்டை பிரிக்கப்படாமலே அலமாரிக்குள் போகிறது.

இது இரண்டு பக்கமும் இழுக்கும் கவலை. சாப்பிட்டால் இரைச்சல் கூடிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். சாப்பிடாவிட்டால் இப்படியே தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, யாரோடும் பேசப் பிடிக்காமல் நாள்கள் போய்விடுமோ என்ற கலக்கம் இன்னொரு பக்கம். 'கோளாறு காதில்தானே, என்னை ஏன் மனநோயாளி ஆக்குகிறார்கள்' என்ற வருத்தம் நடுவில். டின்னிடஸ் என்று மருத்துவம் அழைக்கும் இந்த இரைச்சல் அபூர்வமானதும் அல்ல. 2022-இல் 'ஜாமா நியூராலஜி' இதழில் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, வயதுவந்தோரில் சுமார் 14 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் இதை அனுபவித்திருக்கிறார்கள். கடுமையாக இருப்பது சுமார் 2 சதவீதம் பேருக்கு. சிகிச்சை தேடி வருகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் மனச்சோர்வும் சேர்ந்தே காணப்படுகிறது. ஆக, அந்தச் சீட்டோடு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மனச்சோர்வு மருந்து இரைச்சலைக் குறைக்குமா? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த பதில் தெளிவானதுதான். ஆனால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்தான் அந்தப் பதில் புரியும்.

முதலில் சியாட்டில். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் மார்க் சல்லிவனும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு 1993-இல் வெளியானது. கடுமையான, நாட்பட்ட காது இரைச்சலோடு மனச்சோர்வு அறிகுறிகளும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சாராருக்கு நார்ட்ரிப்டிலின் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்து; மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 92 பேர் கடைசி வரை இருந்தார்கள்.

மருந்து சாப்பிட்டவர்களின் மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். இரைச்சலின் உரப்பை ஒலிக் கருவியோடு ஒப்பிட்டு அளந்தபோது, மருந்துக் குழுவில் சராசரியாக 6.4 டெசிபலும் வெற்று மாத்திரைக் குழுவில் 2.5 டெசிபலும் குறைந்திருந்தது. மருந்து உதவியதாகச் சொன்னவர்கள் 67 சதவீதம். வெற்று மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு உதவியதாகச் சொன்னவர்கள் 40 சதவீதம்.

இந்த 40-ஐ அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. மாவு மாத்திரையைத் தின்று ஏமாந்தவர்களின் கணக்கு அல்ல அது. மாதக்கணக்கில் தங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காதில் என்ன கேட்கிறது, இரவு தூங்கினீர்களா என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டதால் தெம்பு பெற்றவர்கள் அதில் இருக்கிறார்கள். தானாகவே தணிந்தவர்களும் இருக்கிறார்கள். காது இரைச்சலுக்கு எந்த மருந்தைப் புகழ்ந்து யார் பேசினாலும், முதலில் இந்த 40-ஐக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2005-இல், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து வேறொரு முடிவு வந்தது. அங்கே 120 பேருக்குப் பராக்ஸெட்டின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பராக்ஸெட்டின் செரட்டோனின் என்ற நரம்புவேதிப் பொருளின் அளவைக் கூட்டும் புதிய வகை மருந்து. முக்கியமான வித்தியாசம் மருந்தில் மட்டுமல்ல, ஆட்களிலும் இருந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு கிடையாது, இரைச்சல் மட்டும்தான். இரண்டு குழுக்களுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு தென்படவில்லை.

மூன்றாவதாக, ஸ்வீடனின் கோத்தன்பர்க். 2006-இல் வெளியான அந்த ஆய்வில் 76 பேருக்கு 16 வாரம் செர்ட்ராலின் அல்லது வெற்று மாத்திரை. கடும் மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஆனால், இரைச்சல் தீவிரமாகும் ஆபத்து அதிகம் உள்ளவர்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். இங்கே மருந்து சாப்பிட்டவர்களுக்கு இரைச்சலின் உரப்பும் கடுமையும் குறைந்தன.

ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது, இன்னொன்று மறுபடியும் ஆம் என்கிறது. கோக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் தரமான சோதனைகளைத் திரட்டி 2006-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டு, 2012-இல் அதைப் புதுப்பித்தார்கள். மொத்தம் 6 சோதனைகள், 610 நோயாளிகள். மனச்சோர்வு மருந்துகள் காது இரைச்சலைக் குணப்படுத்துகின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு. 2014-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும், இரைச்சலுக்கான முதன்மைச் சிகிச்சையாக இவற்றை வழக்கமாக எழுத வேண்டாம் என்றது. அதே வழிகாட்டுதல், இரைச்சலோடு மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. செய்தித் தலைப்புகளில் முதல் பாதி மட்டும் வந்து சேர்கிறது. இரண்டாம் பாதி விட்டுப்போகிறது.

இரண்டு பாதிகளையும் சேர்த்துப் படித்தால் கேள்வியே மாறிவிடுகிறது. 'இந்த மாத்திரை என் இரைச்சலை நிறுத்துமா' என்று கேட்டால், நிறுத்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 'எனக்கு இரைச்சலோடு மனச்சோர்வும் இருக்கிறதா' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இருந்தால், அந்த மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அது வேலை செய்கிறது என்பதற்கு வலுவான சான்றும் உண்டு. 2018-இல் 'லான்செட்' இதழில் வந்த மாபெரும் தொகுப்பாய்வு 21 மருந்துகளை, 522 சோதனைகளை, 1,16,477 நோயாளிகளை ஆராய்ந்து, தீவிர மனச்சோர்வுக்கு ஒவ்வொரு மருந்துமே வெற்று மாத்திரையைவிட மேலானது என்று காட்டியது. வித்தியாசம் மலையளவு அல்ல; சுமாரானதுதான். ஆனால், அது உண்மையானது.

காதுக்கும் மனதுக்கும் அப்படி என்ன தொடர்பு?

ஒவ்வொரு காதிலும் காக்லியா என்ற பகுதியில் சுமார் 15 ஆயிரம் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வயதாலோ, தறிச் சத்தம், வெடிச் சத்தம் போன்றவற்றாலோ, சில மருந்துகளாலோ அவற்றில் ஒரு பகுதி அழிந்துபோகிறது. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. அந்த அதிர்வெண்களிலிருந்து வர வேண்டிய செய்தி குறையும்போது மூளை சும்மா இருப்பதில்லை. தூரத்து நிலையம் சரியாகக் கேட்கவில்லை என்று ரேடியோவின் ஒலியளவைத் திருகிக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து கூடுமே, அதுபோல மூளை தன் உணர்திறனைக் கூட்டுகிறது. நரம்புகளின் இயல்பான சலசலப்பே ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது. காது நரம்பில் வளர்ந்த கட்டியை அகற்றும்போது அந்த நரம்பையே வெட்ட நேர்ந்த நோயாளிகளில் பலருக்கு, அதற்குப் பின்பும் அதே காதில் இரைச்சல் நீடித்திருக்கிறது. காது முழுக்கச் செவிடு. இரைச்சல் மட்டும் போகவில்லை. இரைச்சலின் இருப்பிடம் மூளை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி பலரை வியக்க வைக்கும். நோயாளியின் இரைச்சலைக் கருவியில் எழுப்பும் ஒலியோடு ஒப்பிட்டு அளந்தால், பெரும்பாலும் அது அவர் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைவிட 10 டெசிபலுக்குள்தான் அதிகமாக இருக்கும். இலைச் சலசலப்பு அளவுதான். 'ஜெட் விமானம் மாதிரி இருக்கிறது' என்று அவர் சொல்வது பொய்யும் அல்ல. அளவிடும் உரப்புக்கும் அனுபவிக்கும் துன்பத்துக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. துன்பத்தைத் தீர்மானிப்பது, அந்த ஒலியை மூளை என்னவென்று எடுத்துக்கொள்கிறது என்பதுதான்.

போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியலாளர் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990-இல் முன்வைத்த மாதிரி இதைத்தான் விளக்குகிறது. எல்லா ஒலிகளையும் மூளை கவனிப்பதில்லை. தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியின் ஓசையைக் கொஞ்ச நேரத்தில் வடிகட்டிவிடுகிறது. ஆனால், ஒரு ஒலிக்கு 'ஆபத்து' என்று முத்திரை குத்திவிட்டால் பயத்தைக் கையாளும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கலைகிறது, கவனம் திரும்பத் திரும்ப அந்த ஒலியிடமே போகிறது. கவனிக்கக் கவனிக்க அது பெரிதாகக் கேட்கிறது. பெரிதாகக் கேட்கக் கேட்கப் பயம் கூடுகிறது.

மனச்சோர்வும் பதற்றமும் இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் ஊற்றுபவை. சோர்ந்த மனம் கெட்டதையே தேடிப் பிடித்துக் கவனிக்கும். தூக்கமில்லாத மூளைக்கு வடிகட்டும் திறனும் குறையும். சியாட்டில் ஆய்வில் மனச்சோர்வு தணிந்தவர்களுக்கு, இரைச்சலால் வந்த முடக்கமும் கூடவே தணிந்தது இதனால்தான் என்று கருத இடமிருக்கிறது.

'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கதாநாயகன் வில்லியம் ஷாட்னருக்கு இந்தச் சக்கரத்தின் கொடுமை தெரியும். 1960-களில் படப்பிடிப்புத் தளத்தில் அருகிலேயே நிகழ்ந்த வெடியைத் தன் இரைச்சலுக்குக் காரணமாகச் சொல்பவர் அவர். ஆண்டுகள் கழித்து அது தாங்க முடியாததாகி, நிம்மதியைக் குலைத்தபோது ஜாஸ்ட்ரெபாஃபிடம் சிகிச்சைக்குப் போனார். மெல்லிய இரைச்சலை ஒலிக்கும் சிறு கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, ஆலோசனைகளையும் பெற்று, மெல்ல மெல்ல அதைப் பொருட்படுத்தாமல் வாழக் கற்றுக்கொண்டார். இரைச்சல் போய்விடவில்லை. அதோடு வந்த அச்சம் போயிற்று. இந்தச் சிகிச்சையைப் பற்றியும் முழு உண்மையைச் சொல்ல வேண்டும்: அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையில், கருவியோடு கூடிய முழுச் சிகிச்சையும் வழக்கமான நல்ல ஆலோசனையும் ஏறக்குறைய ஒரே அளவு பலனைத்தான் தந்தன. கருவியைவிட, புரியவைத்துப் பேசுவதுதான் அதிகம் வேலை செய்கிறது போலும்.

இப்போது அந்த டப்பாத் தாளுக்கு வருவோம். மனச்சோர்வு மருந்துகளால் இரைச்சல் கூடுமா?

பயத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ட்ரஸ்ஸலும் சகாக்களும் 2017-இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். காதிலிருந்து வரும் நரம்பு மூளைத் தண்டில் போய்ச் சேரும் முதல் இடத்தில் சில செல்கள் உண்டு. டின்னிடஸோடு தொடர்புள்ளவை என்று ஏற்கெனவே சந்தேகிக்கப்பட்டவை. எலி மூளையின் மெல்லிய துண்டில் செரட்டோனினைச் சேர்த்தபோது அந்தச் செல்கள் அளவுக்கு மீறித் துடிக்கத் தொடங்கின. அப்படியானால், செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைகள் சிலருக்கு இரைச்சலைக் கூட்டலாம் அல்லவா? நோயாளி அப்படிச் சொன்னால் மருத்துவர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம். ஆனால், இது எலி மூளைத் துண்டில் நடந்தது. உயிரோடு நடமாடும் மனிதர்களுக்கு அதே செரட்டோனின் வகை மருந்தைப் பதினாறு வாரம் கொடுத்துப் பார்த்த கோத்தன்பர்க்கில், சராசரி நோயாளிக்கு இரைச்சல் குறைந்ததே தவிரக் கூடவில்லை.

மருந்துக்கு மருந்து வேறுபாடும் உண்டு. ப்யூப்ரோப்பியான் என்ற மருந்தின் அதிகாரபூர்வ விவரக் குறிப்பு, தினமும் 300 மில்லிகிராம் எடுத்தவர்களில் 6 சதவீதம் பேர் காது இரைச்சலைச் சொன்னதாகப் பதிவுசெய்கிறது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். ஏற்கெனவே இரைச்சலோடு போராடுகிற ஒருவருக்கு முதல் தேர்வாக இது வேண்டாம் என்று மருத்துவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதே நேரம், நூற்றில் 94 பேருக்கு அந்தத் தொல்லை வரவில்லை. மருந்தே சாப்பிடாத இரண்டு பேருக்கும் 'மருந்தால்' வந்தது. பட்டியலில் ஒரு வரி இருப்பதும் அது தனக்கு வந்தே தீரும் என்பதும் ஒன்றல்ல. வந்தாலும், அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பார்க்க வழி உண்டு.

முடிவெடுப்பது எப்படி என்ற இடத்துக்கு வந்தால், மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. உயர் அளவு ஆஸ்பிரின், குயினைன், சில ஊசி ஆன்டிபயாடிக்குகள், சில புற்றுநோய் மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடியவை என்பதால், ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுவது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு ஒத்து அடிக்கும் இரைச்சல் ஆகியவை தனியாக ஆராய வேண்டியவை. ஒரே நாளில் திடீரென்று காது கேட்காமல் போனால் அது அவசரம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி பொருத்துவதே பலருக்குப் பாதி ஆறுதல், ஏனென்றால் வெளி ஒலிகள் உள்ளே வந்ததும் இரைச்சல் பின்னுக்குப் போகிறது.

பிறகு மனசு. பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் 2001 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, தமிழிலும் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 27 வரை மதிப்பெண். இதில் டின்னிடஸ் உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தூக்கம் வரவில்லையா, கவனம் சிதறுகிறதா, களைப்பாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் இரைச்சலே காரணமாக இருந்தாலும் மதிப்பெண் ஏறிவிடும். எனவே, அனுபவமுள்ள மருத்துவர் மொத்தக் கூட்டலோடு நிற்காமல் முதல் இரண்டு கேள்விகளுக்கு வந்த பதிலை உற்றுப் பார்ப்பார்: எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லையா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து கிடக்கிறதா? பேரக்குழந்தை வந்து மடியில் ஏறினாலும், பிடித்த பாட்டுக் கேட்டாலும், இரைச்சல் ஓரளவு அடங்கியிருக்கும் நேரத்தில்கூட எதுவும் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால், அது இரைச்சலின் எரிச்சல் மட்டும் அல்ல. அது மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை வேண்டும்.

மனச்சோர்வு லேசானதென்றாலோ, இல்லவே இல்லை, இரைச்சல் மட்டும்தான் தொல்லை என்றாலோ, மாத்திரையைவிடச் சான்று வலுவாக உள்ள வழி சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 2020-இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு 28 ஆய்வுகளையும் 2,733 பேரையும் பார்த்து, இரைச்சலால் வாழ்க்கையில் ஏற்படும் பாதிப்பை இது குறைக்கிறது என்றது. 'இனி என் வாழ்க்கை அவ்வளவுதான்' என்ற எண்ணத்தை எடுத்து வைத்து, அது எவ்வளவு உண்மை என்று சோதிக்கப் பழக்குகிறது இந்தப் பேச்சுச் சிகிச்சை. குறை என்னவென்றால், இதில் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் நம் ஊர்களில் தேவைக்கு மிகக் குறைவு. மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைக்காத சிகிச்சையை நல்லது என்று சொல்லிப் பயனில்லை என்பதால்தான் பல மருத்துவர்கள் கையில் உள்ள மாத்திரையை எழுதுகிறார்கள். அதை முழுக்கக் குறை சொல்ல முடியாது.

மருந்து தொடங்குவது என்று முடிவானால், முதல் சில வாரங்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. செரட்டோனின் வகை மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவுகளோ முதல் நாளே வரலாம்: குமட்டல், கை நடுக்கம், தூக்கக் கலக்கம், சிலருக்குக் கூடுதலான பதற்றம். அந்தப் பதற்றத்தில் இரைச்சலும் கொஞ்சம் உரக்கக் கேட்கலாம். முன்கூட்டியே தெரியாதவர் மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிடுவார். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணங்கள் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லும் 2007-லும் எச்சரித்திருக்கிறது. அந்த வயதினரை வீட்டில் உள்ளவர்கள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். நார்ட்ரிப்டிலின், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் தூக்கத்தைத் தரும் என்பது அனுகூலம்தான். ஆனால், இதய நோய், கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்கு அவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். புதிய மருந்துகள் முதியவர்களுக்கு உடலில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாள்கள் என்று இருமுனைக் கோளாறின் சாயல் இருந்திருந்தால், அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

அட்டையின் பின்புறத்தையும் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. நம் நாட்டில் எஸ்சிடாலோப்ராமும் குளோனாசிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து பரவலாக விற்கப்படுகின்றன. முதலாவது மனச்சோர்வு மருந்து, மாதக்கணக்கில் சாப்பிடுவதற்கானது. இரண்டாவது பதற்றத்தை உடனே தணிக்கும் மருந்து. சில வாரங்களுக்கு மேல் போனால் உடல் அதைச் சார்ந்துவிடும். ஒரே மாத்திரையில் இரண்டும் இருக்கும்போது, ஒன்றைத் தொடர்ந்து மற்றதை நிறுத்துவது நோயாளியின் கையில் இல்லை. இரண்டு பெயர்கள் இருந்தால், இரண்டாவதை எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று அன்றே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

பலனை அளக்கவும் ஒரு முறை வேண்டும். மணிக்கு ஒரு தடவை காதைக் கூர்ந்து கேட்டுப் பார்ப்பது மோசமான முறை, ஏனென்றால் அந்தக் கவனமே இரைச்சலை வளர்க்கும். வாரத்துக்கு ஒரு நாள் நாட்காட்டியின் ஓரத்தில் இரண்டு எண்களைக் குறித்தால் போதும்: பத்துக்கு எவ்வளவு உரப்பு, பத்துக்கு எவ்வளவு தொல்லை. மருந்து வேலை செய்யும்போது பெரும்பாலும் இரண்டாவது எண்தான் முதலில் இறங்கும். சத்தம் 7-லேயே நின்று, தொல்லை 8-லிருந்து 3-க்கு வந்தால், அதைத் தோல்வி என்று நினைத்து மருந்தை விட்டுவிடக் கூடாது. வந்த காரியம் அதுதான்.

விடுவதைப் பற்றித்தான் மிக அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மனச்சோர்வு மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தூக்கமின்மை எல்லாம் வரலாம். பராக்ஸெட்டினின் விவரக் குறிப்பு, நிறுத்தும்போது வரும் கோளாறுகளில் காது இரைச்சலையும் சேர்த்தே சொல்கிறது. மாத்திரை தீர்ந்துபோய் நாலு நாள் வாங்காமல் இருந்துவிட்டு, 'மருந்தே என் காதைக் கெடுத்துவிட்டது' என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில், அவர்களில் பலரைப் படுத்துவது மருந்தின் திடீர் இல்லாமை. சில நோயாளிகளுக்கு இந்த விலகல் தொல்லை கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கலாம் என்பதைப் பிரிட்டனின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2019-இல் ஒப்புக்கொண்டு தன் நிலைப்பாட்டைத் திருத்தியது. வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், படிப்படியாக அளவைக் குறைத்து வெளியே வருவதே பாதுகாப்பான வழி.

காது இரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை எதற்கும் ஒப்புதல் தந்ததில்லை. 'ஒரே மாதத்தில் குணம்' என்று யூடியூபில் விற்கப்படும் சொட்டு மருந்துக்கும் ஜிங்கோ மாத்திரைக்கும் பணத்தைக் கொட்டுகிறவர்கள், தூக்கத்தையும் மனதையும் மீட்டுத் தரக்கூடிய ஒரு மருந்தை 'பைத்தியக்கார மாத்திரை' என்று ஒதுக்குவது வேதனையானது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுவதில் வெட்கம் இல்லையென்றால், இதிலும் இருக்க வேண்டியதில்லை.

எனவே, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் வேண்டாம். எழுதிய மருத்துவரிடமே திரும்பப் போய், 'இதை என் காதுக்காகத் தருகிறீர்களா, மனச்சோர்வுக்காகவா? எத்தனை வாரத்தில் பலன் தெரியும்? எப்படி நிறுத்துவது?' என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்தால் முடிவு எளிதாகும். கிடைக்காவிட்டால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காதுக்கும் மனநலத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. இரவில் இரைச்சல் தாங்க முடியாமல், உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள்.